சிறுத்தைக்குக் கட்டில், நத்தைக்கு வாங்கு

ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவனுக்கு முதலில் மரத்துப்போவது மூக்கு, பிறகு மனசு. எங்கள் வாங்கில், அந்த நீட்டு மரப் பெஞ்சில், குந்திக் காத்திருந்து நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரத்தம்தான் நம்பர்

அறுபதுகளில் நான் மருந்து கட்டியது திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். ஒரேயொரு டொக்டர். நம்பர் துண்டெல்லாம் கிடையாது. இரத்தம் ஓடுகிறவர் முன்னுக்குப் போவார், மற்றவர்கள் வாங்கில் நகர்ந்து வழி விடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, சனம் தானாகப் பழகிக்கொண்டது.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து வயிற்றுக்குத்தோடு வந்த கிளாக்கர் ஒருவர் காலையிலிருந்து வழி விட்டு நகர்ந்து நகர்ந்து வெளிவாசல்வரைக்கும் பின்னுக்குப் போய்விட்டார். கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்: “ஐசே, வீட்ட போய் ஒரு விரலை வெட்டிக்கொண்டு வாறன், அப்ப பாப்பீர்தானே?”

வழி விட்டவர்

யோசேப்பு அண்ணை கடலில் சுழியோடிச் சிப்பி, சோகி என்று ஓடுகள் எடுத்துக் கப்பல்காரருக்கு விற்கிறவர். ஒருநாள் காலை தானே நடந்து வந்தார். உள்ளங்கையில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. பூப்போட்ட கூம்பு மாதிரி ஒரு கடல் நத்தையாம், எடுக்கும்போது குத்திவிட்டதாம். உதடு விறைக்கிறது என்றார். சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வெருகல் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுக்காரரைத் தூக்கி வந்தார்கள். சிறுத்தை தோளைக் கிழித்திருந்தது. சிறுத்தை எவ்வளவு நீளம் என்று கேட்கக் குசினியிலிருந்து சமையற்காரரும் ஓடிவந்துவிட்டார். முதலில் வந்தவர் என்று நான் யோசேப்பு அண்ணையை முன்னுக்கு வரச் சொன்னேன். அவர் வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்: “முதல்ல அவரைப் பாருங்கோ தம்பி. அவருக்குச் சிறுத்தை, எனக்கு நத்தைதானே.”

மேரி அக்கா கேட்டது

தோளில் தையல் போட்டு முடித்து டொக்டர் வெளியே வந்தபோது, யோசேப்பு அண்ணை சுவரில் சாய்ந்து கிடந்தார். தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். இமை தூக்க ஏலவில்லை, வாய் திறக்க ஏலவில்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கிக் களைத்துப்போனார், உயிர் திரும்பவில்லை. முதலிலேயே பார்த்திருந்தாலும் இந்த நத்தை விஷத்துக்கு மருந்து இல்லை என்றார். அது உண்மையாக இருக்கலாம். எனக்கு ஆறுதலாக இல்லை.

மாட்டுக்காரர் பிழைத்தார். அவரைக் கூட்டிப்போக ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் யோசேப்பு அண்ணையின் மனைவி மேரி அக்காவும் அவர் உடுத்திருந்த சாரத்தை வாங்கிப்போக வந்திருந்தார். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “எப்பிடிச் செத்தவர் எண்டு எல்லாரும் கேக்கினம். நத்தை எண்டு சொன்னாச் சிரிக்கினம். சிறுத்தை எண்டு சொல்லட்டோ, தம்பி?”

நான் அங்கே பார்த்தவரைக்கும், மனிசனுக்கு நோய் வருத்தம் வந்தால் மட்டும் போதாது, பார்க்கிறவர்கள் பயப்படுகிற மாதிரியும் வரவேண்டும்.