செவலைக்குப் புதுக்கயிறு

பூவம்மாள் கயிறு திரிப்பதைக் கற்றுக்கொள்ள வந்தவர்களைவிடப் படம் பிடிக்க வந்தவர்களே அதிகம். திருத்தணியில் கால்நடைக் கண்காட்சி. மைதானத்தின் ஒரு கோடியில் எங்களுக்குப் பந்தல் போட்டு, 'நார்க் கைவினை செயல்விளக்கம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். கே.ஜி.கண்டிகையில் அவளுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவள் கற்றாழை நாரைச் சேர்த்துக்கொண்டே பின்னால் நகர, நான் எதிரே உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றுவேன். பதினாறு வருஷமாக இப்படித்தான்.

அன்று அவள் கண் நாரில் இல்லை. எதிர்க்கோடியில் அவள் மகன் உதயா செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றான். தாய் செத்த கன்றாக இருந்த அதைப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தவள் பூவம்மாள். உதயாவுக்கு அரக்கோணத்தில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் செவலையிடம்தான். சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

காலையில் கோயில் மலையைக் காட்டி மகனிடம் சத்தியம் வாங்கினாள். "காட்டிட்டுக் கூட்டினு வந்துடணும் நைனா. எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"ஆங், ஆங்" என்றான் பாவி.

எனக்குத் தெரியும். முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தான்: "ஆள் பேசி வெச்சுட்டேன் அத்தை. மாடு போனாத்தான் அம்மா எங்கூட வரும். நீ வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை. தாயும் பிள்ளையும் நாளைக்கு ஒன்றாகிவிடுவார்கள், நடுவில் நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். இந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மைக்கில் செவலைக்கு முதல் பரிசு என்றார்கள். "ஐயோ, என் கண்ணே!" என்று எழுந்தாள் பூவம்மாள். "பெரிய அதிகாரி வர்ற நேரம், உக்காரும்மா" என்று பந்தல் பொறுப்பாளர் உட்கார வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் மணவூர்க்காரர் ஒருவர் வந்தார். "மாடு வாங்கியிருக்கேன்மா. புதுக்கயிறு ஒண்ணு வேணும்."

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாளாம்.

பூவம்மாள் சிரித்த முகம் மாறாமல் கேட்டாள். "தர்றேன் ஐயா. இன்னா மாடு?"

"அதோ, பரிசு வாங்குச்சே செவலை, அதான்."

அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஜெயம்மா, உனுக்கும் தெரியுமா?"



அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. "நேரமாவுதும்மா. முடியலன்னா வுடுங்க, அந்தக் கடையில நைலான் கயிறு வாங்கிக்கிறேன்."

"நைலானா? வாணாம் ஐயா!" என்று பதறினாள். "அதுக்குக் கழுத்துல புண்ணு. இப்பத்தான் ஆறிகினு வருது. நைலான் அறுத்துடும்." என் முகத்தைப் பார்க்காமலே, "சுத்து" என்றாள்.

சுற்றினேன். கழுத்தில் படும் இடத்துக்குத் தன் முந்தானையைக் கிழித்து நாரோடு சேர்த்துத் திரித்தாள். பந்தலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர் கயிற்றோடு போனதும் உதயா வந்தான். பழைய கயிறு தோளில் தொங்கியது.

"அத என் வூட்டுல மாட்டாத" என்றாள். "அரக்கோணத்துலயே மாட்டிக்க. நான் வரல."

அதற்குப் பிறகு அவனிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. ஆறு மாதமாகிறது. அடுத்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு பேச்சுச் சத்தமும் கேட்பதில்லை.