முறுக்கிய ஒளிக்கு ஒரு பொட்டு

தனசேகர் தொட்ட பம்பு ஓடாமல் நின்றதாகச் சரித்திரம் இல்லை. தாம்பரத்தில் பாதி மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிய அந்தக் கைகள், கடைசியில் ஒரு தனியார் லேசர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பைப் பார்த்துக்கொள்வது அங்கே அவர் வேலை. மனிதருக்கு ஒரே ஒரு பிடிவாதம். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் படாத இயந்திரத்தை நம்பவே மாட்டார்.

இரண்டாயிரத்து எட்டில் புதிதாக ஒரு கண்ணாடித் தட்டு வந்தது. அதற்குள் நுழைந்த ஒளி திருகாணி போல முறுக்கிக்கொண்டு வெளியே வரும். தாளில் விழுந்தால் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. இப்படி முறுக்கிய மெலிந்த கதிரைப் பிளாஸ்மா என்னும் கொதிக்கும் மின்வாயுவுக்குள் விட்டு, எதிரே ஒரு பலசாலிக் கதிரையும் விடுவார்கள். மெலிந்தது மற்றதன் பலத்தையெல்லாம் விழுங்கி, எந்தக் கண்ணாடியும் தாங்காத அளவுக்குக் கொழுத்துவிடும். இத்தனையும் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

"தனசேகர், இந்தத் தட்டுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார் ஆய்வுக்கூடத் தலைவி காந்திமதி. "ஒரு தூசு விழுந்தாலும் எரியும். ஒளி எங்க வேணா தெறிக்கும்."

"சரி மேடம்" என்றவருக்குப் பூஜையன்று மனசு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் மூளியாக விடுவதா? கண்ணாடியை அவர் தொடவில்லை. அதைப் பிடித்திருந்த வளையத்தின் உச்சியில் கடுகளவு குங்குமம் வைத்தார். அதோடு மறந்தும் போனார், பாவி மனிதர்.

விடுமுறை முடிந்து எல்லோரும் லேசர் கண்ணைச் சுடாமலிருக்கப் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அடுத்த அறையிலிருந்து காந்திமதியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "ஏதாவது மாறியிருக்கா?"

"இல்ல மேடம், எல்லாம் அப்படியே கீது" என்றார் தனசேகர்.

லேசர் பாயப்போகிறது என்று சங்கு ஊதிய பிறகுதான் பொட்டு ஞாபகம் வந்தது. வளையத்தைப் பார்த்தார். பச்சைக் கண்ணாடிக்குள் சிவப்பு ஏது, கறுப்பு ஏது? 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். பச்சைக் கண்ணாடியைக் கண் இமைக்கும் நேரம் நெற்றிக்கு ஏற்றினார்.

வளையத்தின் உச்சி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காய்ந்த குங்குமம் உதிர்ந்து எங்கே விழுந்திருக்கும்? குனிந்து பார்ப்பதற்குள் கடுகு வெடிப்பது போல் 'டப்' என்று ஒரு சத்தம். வெளிச்சம் எதையும் அவர் காணவில்லை. கருகல் வாடை மட்டும் வந்தது.

காந்திமதி ஓடிவந்தார். "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மேடம்" என்றார் தனசேகர் மறுபடியும்.

சாயங்காலம் சிட்லபாக்கத்து வீட்டில் மனைவி சரளா காபியோடு வந்து நின்றாள். "இன்னாங்க, வந்ததுலேர்ந்து கண்ணைக் கசக்கிகினே கீறீங்க?"

அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் நெற்றியைப் பார்த்தார். தலையில் வைத்த பூ தெரிந்தது, காதில் கம்மல் தெரிந்தது.

"ஏன் சரளா, பொட்டு வைக்கலையா நீ?"

"இன்னா பேச்சு இது! இத்தாம்பெரிசு வச்சிகினு நிக்கிறேனே!"

பார்வையைக் கம்மலுக்கு நகர்த்தினார். இப்போது பொட்டு தெரிந்தது, நேரே பார்த்த கம்மலைக் காணோம்.