இன்னொருத்தி போட்ட ஓட்டு

தொண்ணூறுகளின் நடுவில் வந்த நாடாளுமன்றத் தேர்தலில்தான் எனக்கு முதல்முறையாகத் தேர்தல் பணி போட்டார்கள். அப்போது இருபத்தாறு வயது, தி. நகரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைதான் எங்கள் வாக்குச்சாவடி. வாக்காளர் விரலில் மை வைப்பதும், வாக்குச்சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதும் என் வேலை.

காலையிலேயே வரிசை தெருவரை நின்றது. பத்து மணி வாக்கில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். விரலைப் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு. கள்ள ஓட்டுப் போட வருபவர்கள் மை ஒட்டாதிருக்க விரலில் எண்ணெய் தடவி வருவார்கள், ஆளைப் பார்த்து, துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். துணியை எடுத்தேன். "சீக்கிரம் ஆவட்டும்மா, எம்மா நேரம் வெயில்ல நிக்கிறது?" என்று வெளியே கூச்சல். துடைக்காமல் அப்படியே மையை வைத்து, கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் ஆயாவாம், டூட்டி முடிந்து அடையாறிலிருந்து நேரே பஸ் ஏறி வந்திருந்தாள். வாக்காளர் பட்டியலை வைத்திருந்தவர் அவள் பெயரைத் தேடிப் பிடித்துத் தயங்கினார்.

"உங்க ஓட்டு காலையிலயே விழுந்துடுச்சேம்மா."

"இன்னா சார் சொல்றே? நான் இப்பத்தானே வரேன்?" இடது கையை நீட்டினாள். "மை எங்க கீது, பாரு!"

"அழிச்சிட்டு வந்திருக்கும்" என்றார் கட்சி முகவர் ஒருவர். எதிர்க்கட்சி முகவர் பாய்ந்து எழுந்ததில் பெஞ்ச் கவிழ்ந்தது. "கள்ள ஓட்டு" என்ற சொல் வரிசையில் பின்னால்வரை ஓடியது. வெளியே நின்றவர்கள் கதவை நெருக்கினார்கள். வாசலில் ஒரே ஒரு போலீஸ்காரர். யாராவது மைப்புட்டியைப் பிடுங்கி வாக்குப்பெட்டிக்குள் கவிழ்த்துவிட்டால் அத்தனை ஓட்டும் போச்சு. புட்டியை மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன்.

அடிக்கட்டையைப் புரட்டினேன். அவள் எண்ணுக்கு நேரே எண்ணெய் ஊறிய கைநாட்டு.

"கைநாட்டா? நான் எட்டாவது பாஸும்மா! கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

எங்கள் தலைமை அலுவலர் கல்லூரி விரிவுரையாளர். அவர் காதருகே போய், "காலையில வந்தவ விரல்ல எண்ணெய் சார். நான்தான் துடைக்காம விட்டுட்டேன்" என்றேன்.

"இப்ப வாயைத் திறக்காதேம்மா. கேட்டா பூத்தையே உடைச்சிடுவாங்க."

அவர் தனியாக ஒரு வாக்குச்சீட்டை எடுத்துப் பின்புறம் ஏதோ எழுதினார். "இதுல முத்திரை குத்தி என்கிட்ட குடுங்க. பெட்டியில போடக் கூடாது, தனிக் கவர்ல வைப்பேன்."

"கவர்ல வெச்சா எண்ணுவீங்களா?"

"மேல அனுப்புவோம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. எண்ணுவாங்களா?"

அவர் கண்ணாலேயே என்னைத் தடுத்தார். "வழக்கமா எண்ண மாட்டாங்கக்கா. யாராவது கோர்ட்டுக்குப் போனா எடுத்துப் பார்ப்பாங்க. காலையில வந்தவளுக்கு மை வெச்சது நான்தான். சரியாப் பாக்கல."

"மூஞ்சியையாவது பாத்தியா?"

"இல்லைக்கா."

அறையே அவள் வாயைப் பார்த்தது. அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், கதவு பெயர்ந்திருக்கும். கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"குடு சார், வந்ததுக்குக் குத்திட்டாவது போறேன்."

அதற்கான தனிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள், எழுத்து எழுத்தாக, முழுப் பெயரையும். இந்த முறை விரலைத் துணியால் துடைத்துவிட்டு மை வைத்தேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் சீட்டைத் தலைமை அலுவலரிடம் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து, "வழி வுடுங்கய்யா, வூட்டுக்குப் போவணும்" என்றாள். ஆண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது.

மாலையில் தலைமை அலுவலர் தன் நாட்குறிப்பை எழுதும்போது, எண்ணெய் விஷயத்தையும் எழுதச் சொன்னேன்.

"உனக்கு மெமோ வரும்மா."

"வரட்டும் சார்."

தொகுதியில் ஜெயித்தவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. அந்த உறையை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ மட்டும் வந்தது. பதிலில் 'கூட்டம் அதிகமாக இருந்ததால்' என்று தட்டத் தொடங்கினேன். பாதியில் தாளை உருவிக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில், 'நான் சரியாகக் கவனிக்கவில்லை' என்று ஒரே வரி தட்டிக் கையெழுத்துப் போட்டேன்.