மகனுக்குப் பயந்த தாய்

டென்மார்க்கில், ரண்டர்ஸ் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நான் பராமரித்தவர்களில் ஒரு மூதாட்டிக்கு ஞாபகம் மெல்ல அழிந்துகொண்டிருந்தது. அவருடைய ஒரே மகன் பொலிஸில் துப்பறிபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தாயின் நகத்தை வெட்டிவிடுவார், கோப்பி குடித்துவிட்டுப் போவார்.

அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊரில் ஒரு பழைய யூத மயானத்தில் யாரோ கல்லறைகளைத் தள்ளி விழுத்திவிட்டார்கள். விசாரணை மகனின் கைக்கு வந்தது. ஒருநாள் மயானத்திலிருந்து நேரே வந்தார். நெஞ்சில் பொலிஸ் என்று எழுதிய ஜாக்கெட், சப்பாத்தெல்லாம் சேறு. நான் தாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

வாசலில் அவரைக் கண்டதும் தாய் என் கையை இறுகப் பிடித்தார்.

“சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் யூதர் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

டேனிஷில்தான் சொன்னார். என் நினைவில் அது எங்கள் தமிழிலேயே தங்கிவிட்டது.

“அம்மா, இது நான்,” என்று மகன் கிட்ட வந்தார். தாய் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். யாழ்ப்பாணத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால் நாங்களும் அப்படித்தான் கிடப்போம். மகனை வெளியே போகச் சொன்னேன்.

பிறகு நான் வெளியே வந்ததும், “உண்மையோ?” என்று கேட்டார்.

“தெரியாது. இண்டைக்குத்தான் முதல்தரம் கேக்கிறன்.”

“நான் ஞானஸ்நானம் எடுத்தவன்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இப்பதான் அந்தக் கல்லுகளைத் தொட்டுப்போட்டு வாறன்,” என்றார்.

அடுத்தமுறை ஜாக்கெட் இல்லாமல் வந்து, தாயின் பக்கத்தில் அமர்ந்தார். “சின்னனில எங்க ஒளிச்சிருந்தனீங்கள், அம்மா?”

“படகில மீன் மணம்,” என்றார் தாய். “பிள்ளையள் அழக்கூடாது எண்டவை.” யுத்த காலத்தில் இந்த நாட்டு யூதர்கள் ஜெர்மன்காரருக்குப் பயந்து மீன்பிடிப் படகுகளில் ஒளிந்து கடல் கடந்து தப்பினார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

அதற்கு மேல் எத்தனை விதமாகக் கேட்டும் ஒன்றும் வரவில்லை. எத்தனையோ பேரை வாய் திறக்க வைத்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

வழக்கோடு சொந்தத் தொடர்பு ஏதும் உண்டா என்று மேலதிகாரி கேட்டாராம். “தெரியாது எண்டு சொன்னன்,” என்றார் என்னிடம். வழக்கை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கல்லறைகளைத் தள்ளியவர்கள் அகப்படவேயில்லை.

பனிக்காலம் முடியுமுன் தாய் நித்திரையிலேயே போய்விட்டார். தேவாலய மயானத்தில், கணவனுக்குப் பக்கத்தில் தன்னை வைக்கும்படி முன்பே சொல்லியிருந்தாராம்.

“அங்க அடக்கம் செய்யிறது சரியோ?” என்று மகன் என்னைக் கேட்டார். “அவ விரும்பிக் கேட்டவவோ, பயத்தில கேட்டவவோ?”

எனக்கு என்ன தெரியும்? “அவ கேட்ட இடம்தானே,” என்று மட்டும் சொன்னேன். அங்கேயே அடக்கம் செய்தார். பாதிரியாரோடு சேர்ந்து எல்லோரும் ஜெபம் சொன்னபோது அவர் வாய் அசையவில்லை.

தாயின் சாமான்களை எடுக்க வந்த நாளில், சாட்சியை விசாரிப்பதுபோல என்னை இருத்திவைத்துக் கேட்டார்.

“வேற ஏதும் சொன்னவவோ? ஒரு பேர்? ஒரு ஊர்?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.