தாளில் பதினெட்டு

நான் படித்தது எட்டாவது வரை. பம்மலில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் லேத்.

ப்ரோக்ராம் எழுதத் தாம்பரத்திலிருந்து ஒரு சார் வருவார். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற குறிப்போடு எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் இருக்கும். ப்ரோக்ராமைப் படித்து, ஓட்டுகிறவருக்கான தாளையும் கம்ப்யூட்டரே எழுதி அங்கே வைக்கும். தினமும் காலையில் புதிதாக எழுதும். அதற்குச் சலிப்பில்லை. சந்தேகமும் இல்லை.

மெல்லிசு ரிங்குக்கு, அதைக் கவ்விப் பிடிக்கிற சக்கு பிரஷர் பதினெட்டு என்றது தாள். அந்தப் பிடியில் ரிங் முட்டையாகிவிடும். பத்து போதும். பக்கத்து மெஷினுக்குப் புதிதாக வந்த அனகாபுத்தூர் பெண் தாளை நம்பினாள். திங்களன்று ஒரு ட்ரே முழுக்க ரிஜெக்ட்.

"தாள் தப்பு சார்," என்றேன் முதலாளியிடம்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமாய்யா?" அவளிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை மறுபடி இதே ஜாப். தாள்ல இருக்கிற மாதிரியே ஓட்டு. ரிஜெக்ட் ஆச்சுன்னா வரவே வேணாம்."

அன்று மாலை கம்ப்யூட்டரில் தாளைத் திறந்து பத்தாக்கினேன்.

காலையில் அவள் கேட்டாள்: "இன்னாண்ணா, மாத்திட்டேன்னியே. பதினெட்டுதான் கீது?"

மறுபடி மாற்றினேன். மறுபடி பதினெட்டு. வியாழனன்று சார் எரிச்சலோடு வந்தார்.

"அண்ணா, யாரோ தாள்ல கை வைக்கிறாங்க. கம்ப்யூட்டர் எழுதினதோட மோதுது. தெனமும் வீட்ல இருந்தே அதைத் தூக்கிப் போடுறதே என் வேலையாப் போச்சு."

"தூக்கிப் போட்டது இன்னான்னு பாத்தியா சார்?"

"அதையெல்லாம் யாருண்ணா படிப்பா?"

சரிதான். தாளைப் படிக்கிற ஒரே ஆள் அவள்; அவளுக்குத்தான் வேலை போகப்போகிறது.

பதினெட்டில் ஒரு ரிங், பத்தில் ஒரு ரிங் ஓட்டி, மைக்ரோமீட்டரோடு அவர் கையில் கொடுத்தேன். அளந்தார். இன்னொரு முறை அளந்தார். போய் ப்ரோக்ராமைத் திறந்தார். மேல் வரியில், பழைய தடித்த ரிங்குக்கு அவரே எழுதிய பதினெட்டு. அதைத்தான் கம்ப்யூட்டர் தினமும் பயபக்தியோடு தாளில் இறக்கியிருக்கிறது.

பத்தாக்கினார். தாளையும் அங்கிருந்து எடுத்துவிட்டார். இனி ப்ரோக்ராம் மட்டும்தான் இருக்கும். தாளை வேண்டும்போது கம்ப்யூட்டர் அதிலிருந்து எழுதிக்கொள்ளும்.

"தப்பு இருந்தா தாள்ல கை வைக்காம என்கிட்ட சொல்லுங்கண்ணா."

மூன்று நாளாகக் கம்ப்யூட்டரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் பத்து வைத்து ஓட்டினாள். ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. முதலாளி ட்ரேயைப் புரட்டிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, தாள்படி ஓட்டினா ஜாப் எப்படி வருது!"

"ஆமா சார்," என்றாள். சனிக்கிழமையும் வேலைக்கு வந்தாள்.