கடைசிப் பெட்டியில் ஒரு கை

கோகோம் முதலில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். பிறகு குனிந்து, கடைசிப் பெட்டியின் காற்றுக்குழாய் மேல் வலது உள்ளங்கையை வைக்கிறாள். முகம் தெரியாத தொலைவில், இன்ஜினில், டிரைவர் பிரேக் போடுகிறார். குழாய்க்குள் காற்றழுத்தம் இறங்க, பிரேக் கட்டைகள் சக்கரங்களைக் கவ்வுகின்றன. "ம், புடிச்சுக்கிச்சு" என்கிறாள்.

நாக்ரெக் மேட்டு நிலையத்தைத் தாண்டினால் ஒரே இறக்கம். இவள் பச்சைக் கொடி காட்டாமல் எந்தச் சரக்கு வண்டியும் இறங்காது. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பாள். குமிழி வந்தால் காற்று கசிகிறது. அப்புறம் வண்டி கிளம்பாது, டிரைவரும் இறங்கி வந்து அவளோடு சேர்ந்து பார்த்தாக வேண்டும். சக்கரம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்கு நிம்மதி கிடையாது. கிழங்கு விற்பவள் டீ குடிக்கப் போனால்கூட, அந்தத் தள்ளுவண்டிக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

பிரேக் போடுவது யார் என்று குழாயைத் தொட்டே சொல்லிவிடுவாள். சிலர் கதவை அறைவதுபோலப் போடுவார்கள். ருஸ்மான் போடுவது, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி. அவளுக்குத் தலாக் சொல்லிவிட்டுப் போனவன்தான் இந்த ருஸ்மான். "உன் பிளாட்பாரத்துல இனி காலே வெக்க மாட்டேன்" என்று கோபத்தில் சொன்னதை வீம்பாகக் காப்பாற்றுகிறான். அவளும் இன்ஜின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இன்ஜினை ஒட்டிய முதல் இணைப்பை உதவி டிரைவர் பார்த்துக்கொள்வார். ஆனால் அவன் வண்டி வருகிற நாளில் குழாயிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனம் வராது. அவள் ஏங்குவது ஊருக்கே தெரியும்.

"கசியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா, மனுசன் அலறியடிச்சிட்டு ஓடி வருவாரு" என்று சீண்டுவான் போர்ட்டர் செச்செப்.

"கசியலியேடா."

"சும்மாதான் சொல்லேன்!"

"இன்னைக்கு சும்மா சொல்லுவேன். நாளைக்கு நெசமா கசிஞ்சா எவன்டா நம்புவான்? வண்டி உருண்டா நீ போயிப் புடிப்பியா?"

இன்று இந்தப் பாதையில் ருஸ்மானுக்குக் கடைசி ஓட்டம். நாளை முதல் சிரெபோன் சமவெளிக்கு மாற்றல். கோகோம் ஒவ்வொரு இணைப்பிலும் நுரை தடவினாள். ஒரு குமிழியாவது வரக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு. வரவில்லை. கொடியை எடுக்கப் போனபோது, விட்ட பிரேக் மறுபடி மெல்லக் கவ்வியது. இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறான் ருஸ்மான்.

"அக்கா, அவரே கேக்குறாருக்கா" என்றான் செச்செப். குரலில் கேலி இல்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனாள், வந்தாள். எல்லா இணைப்பிலும் நுரை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் இல்லடா."

இடது கையால் பச்சைக் கொடியை உயர்த்தினாள். கட்டைகள் சக்கரத்தை விட்டன. வலது கை குழாயின் மேலேயே இருந்தது.