பழைய காய்ச்சலா, புதுசா

ரூத் பொய் சொல்கிறவள் அல்ல. திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். போன ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது.

அன்று காலை சினேகாவின் ரத்தத்தை ரூபெல்லா அம்மைக் காய்ச்சலுக்குப் பார்த்தாள். முகத்துவாரக்குப்பத்துப் பெண். பதினோரு வாரக் கர்ப்பம், உடம்பெல்லாம் லேசான தடிப்பு. சோதனைத் தட்டின் குழி மஞ்சளாக மாறியது. ஐஜிஎம் பாசிட்டிவ். புதுத் தொற்றுக்கு அடையாளம் அது; அப்படியானால் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எது வேண்டுமானாலும் போகலாம். டாக்டர் கருவைக் கலைக்கச் சொல்லக்கூடும். இந்தச் சோதனை சில சமயம் பழைய தொற்றையும் புதிது என்று காட்டி ஏமாற்றும் என்பது ரூத்துக்குத் தெரியும். ஆனால் நான்கு மணிக்குச் சினேகாவின் கணவன் திலீப் ரிப்போர்ட் வாங்க வந்துவிடுவான்.

மதியம் 1.40. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

கிர்ர்ர்... நாற்காலி இழுபடும் சத்தம்.

எதிரே ஒரு பெண். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. அவள் முழங்கை மடிப்பில் பஞ்சு. அதில் ரத்தம் இன்னும் ஈரமாக... ஆனால் மதியத்துக்கு மேல் யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை.

"சினேகா ரிப்போர்ட்ட குடுத்துராதக்கா. பழைய காய்ச்சலா, புதுசானு இன்னொரு தபா பாரு."

யாரென்று கேட்டாள் ரூத்.

"வேம்பு. அதே குப்பம்தான்."

குனிந்து பெயரை எழுதினாள். நிமிர்ந்தாள். நாற்காலி காலி. 1.43.

மனசு கேட்கவில்லை. இரண்டு குழிகளில் இன்னொரு சோதனை போட்டாள், ஒன்றை மட்டும் யூரியாவில் கழுவ. பழைய தொற்றின் எதிர்ப்புப் புரதம் வைரஸை இறுகப் பிடித்திருக்கும், யூரியாவில் கழுவினாலும் மஞ்சள் போகாது. புதிதென்றால் கழன்றுவிடும்.

3.50. கழலவில்லை. பழைய காய்ச்சல்தான்.

பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று கேட்டதும் திலீப் அழுதான். உங்கள் குப்பத்துப் பெண் வேம்பு வந்து சொன்னதால்தான் பார்த்தேன் என்றாள் ரூத்.

அழுகை நின்றது.

"வேம்பக்காவா? அது செத்து எட்டு வருசம் ஆவுதே."

அவளுக்கும் இதே தடிப்பாம். கருவைக் கலைத்தார்களாம். உதிரம் நிற்காமல் மூன்றாம் நாள் போய்விட்டாளாம்.

"டெஸ்ட் எங்க எடுத்தாங்க?"

"இங்கதான்."

அவன் போனதும் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தாள். வேம்பு, வயது 23, ஐஜிஎம் பாசிட்டிவ். மறுசோதனை இல்லை. கீழே ரூத்தின் கையெழுத்து.

மதியம் போட்ட சோதனைத் தட்டைக் குப்பையில் போட எடுத்தாள்.

சினேகாவின் குழிகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. அவற்றில் யார் ரத்தத்தையும் அவள் விடவில்லை.

இரண்டும் மஞ்சள்.

யூரியாவில் கழுவிய குழியும்...

கழலவில்லை.